கிலோ தக்காளி 800 ரூபாய்!

பி.காம். படித்தவன் செடி வளர்த்தால் என்ன ஆகும்? தக்காளி காய்ப்பதற்கு முன்பே கணக்கு நோட்டு காய்த்துக் குலுங்கும். எனக்கு ஆனது அதுதான்.

தாம்பரத்தில் எங்கள் வீடு, அப்பா பி.எஃப். பணத்தைப் போட்டுக் கட்டியது. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் 30 வருஷம் உட்கார்ந்து ரிடையர் ஆனவர். மொட்டை மாடி அவருக்குக் கோயில் மாதிரி. வடாம் காயப்போடக்கூட பர்மிஷன் வாங்கவேண்டும்! அங்கே 10-க்கு 10 அடியில் பசுமைக்குடில் போடப்போகிறேன் என்றதும் பேப்பரை மடித்து வைத்தார்.

"தளம் ஒழுகினா யாருடா பொறுப்பு?"

"நான்தாம்ப்பா."

"2016-ல வர்தா புயல் வந்தப்ப எதிர்வீட்டு ஷீட் பறந்து வந்து நம்ம டேங்க்கை உடைச்சுதே, ஞாபகம் இருக்கா? உன் கூடாரம் பறந்தா யார் வீட்டு டேங்க்?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் ஆரம்பித்துவிட்டேன். முக்கால் இஞ்ச் பி.வி.சி. பைப்பை வில்லாக வளைத்து, மேலே பாலிதீன் ஷீட். வெளிநாட்டுப் படங்களில் பார்த்த அதே அழகு! சம்சாரம் மாடிக்கு வந்து பார்த்துவிட்டு, "யாருக்கு ரிசப்ஷன்?" என்றாள்.

சித்திரை பிறந்தது. ஒரு மத்தியானம் உள்ளே தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டேன். வெளியே 38 டிகிரி. உள்ளே 49! 35-ஐத் தாண்டினாலே தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர ஆரம்பிக்கும். நானோ செடியை இட்லிப் பானைக்குள் வைத்திருந்தேன்.

அப்புறம்தான் உறைத்தது. கண்ணாடிக் குடில், பாலிதீன் குடில் எல்லாம் குளிர்தேசத்துக்காரன் கண்டுபிடிப்பு. வெயில் உள்ளே வரும், சூடான காற்று வெளியே போகாது. அவனுக்குச் சூடு பற்றாக்குறை. நமக்குப் பற்றாக்குறை நிழல்தானே!

ஷீட்டைக் கழற்றலாம் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். வைகாசியில் ஒரு சாயங்காலம் இடியோடு காற்று. குடில் அப்படியே எழும்பிக் கைப்பிடிச் சுவரில் மோதி, பாதி தெருப்பக்கம் தொங்கியது. கீழே டியூஷன் முடிந்து பிள்ளைகள் சைக்கிளில் வந்துகொண்டிருந்தார்கள். நானும் அப்பாவும் நனைந்தபடி ஆளுக்கொரு பைப்பைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றோம். அப்பா திட்டவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பேனாவும் பேப்பருமாக வந்தார்.

"தளத்துல ஒரு ஓட்டைகூடப் போடக்கூடாது. பழைய பெயிண்ட் வாளி நாலு எடு. கான்கிரீட் போட்டு, அதுல பைப்பை நடு."

20 லிட்டர் வாளியில் கான்கிரீட் நிரப்பினால் 40 கிலோவுக்குக் குறையாது. ஆட்கள் ஏறிப்போகும் மொட்டை மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ பாரம் என்பது கட்டட விதிக் கணக்கு. அதனால் வாளிகளும் பெரிய பைகளும் நடுவில் இல்லை. கீழே சுவர் வரும் ஓரங்களில்தான். பைகளில் வெறும் மண் போடாமல் பாதிக்குத் தென்னை நார்க்கழிவு. எடை குறைவு, ஈரமும் நிற்கும். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தோம். தண்ணீர் தேங்காமல் ஓடிவிடும், தளமும் காயும்.

பாலிதீனுக்குப் பதில் 50 சதவீத நிழல்வலை. பாதி வெயிலை நிறுத்தும். காற்றோ வலைக்குள் புகுந்து போய்விடும். ஆடிப்பட்டத்தில் விதைத்தோம்.

பூ வந்தது. வலைக்குள் தேனீ வருமா? தக்காளிக்குக் கவலையில்லை. ஒரே பூவில் ஆணும் பெண்ணும் உண்டு. காலையில் பூங்கொத்தை விரலால் லேசாகச் சுண்டினால் மகரந்தம் தானே கொட்டும். அந்த வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். தினமும் ஏழு மணிக்கு மாடியில் ஆஜர்! ரிடையர் ஆனபின் இவ்வளவு பங்க்சுவலாக அவரை நான் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முதல் பழம். பொங்கலுக்குள் 12 கிலோ. கணக்குப் பார்த்தேன். மொத்தச் செலவு 9,600 ரூபாய்.

"அப்பா, கிலோ 800 ரூபாய் விழுது. பேசாம கடையிலயே வாங்கியிருக்கலாம்."

அப்பா நோட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"பைப்பு, வலை, வாளியெல்லாம் கேப்பிடல் செலவுடா! அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சு டிப்ரிஸியேஷன் போடாம, ஒரே வருஷத்துல எழுதியிருக்கே? பி.காம்.ல என்னத்தைப் படிச்சே?"

அஞ்சு வருஷமாம்! மாடிக்குப் பர்மிஷன் கிடைத்துவிட்டது.