கண்காணிப்புத் திரைக்குள் யாரை அனுமதிப்பது?

காணாமல் ஆக்கப்பட்டோரின் விபரங்களைச் சேமிக்கும் கணினி ஒழுங்காக இயங்குகிறதா என்பதை யாராவது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு நான் பரிந்துரைப்பது நாகியோஸ் என்ற இலவச மென்பொருள். 1999இல் ஈத்தன் கால்ஸ்டாட் இதனை நெட்செயின்ட் என்ற பெயரில் வெளியிட்டார்.

இது எதையும் தானாகப் பரிசோதிப்பதில்லை. செருகுநிரல்கள் எனப்படும் சிறு நிரல்களே பரிசோதித்து ஓர் இலக்கத்தைத் திருப்பி அனுப்பும்: 0 சீர், 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. கடைசிக் காப்புப் பிரதி 24 மணித்தியாலத்தைக் கடந்தால் 2 என அறிவிக்கும் நிரலைச் சில வரிகளில் நாமே எழுதலாம்.

பிறர் பகிர்ந்தவற்றையும் இணைக்கலாம். ஆனால் அவை எமது சேவையகத்துக்குள், அதன் அனுமதிகளுடனேயே இயங்கும். கடவுச்சொற்களும் அவற்றுக்கு எட்டக்கூடும். ஆகவே, வாசித்துப் பார்க்காத நிரல் எதையும் நான் நிறுவுவதில்லை.