இத்தாலியில் தோற்ற பீட்சா நிறுவனம் இந்தியாவில் வளர்ந்தது எப்படி?

பீட்சாவின் தாயகமான இத்தாலியில் 29 கிளைகளோடு 2022-ஆம் ஆண்டு முடங்கிப்போன டோமினோஸ் நிறுவனம், இந்தியாவில் 2,000-க்கும் மேற்பட்ட கிளைகளை நடத்தி வருகிறது. அமெரிக்காவுக்கு வெளியே அந்நிறுவனத்துக்கு அதிகக் கிளைகள் உள்ள நாடு இந்தியாதான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாகாணத்தில் 1960-இல் டோமினோஸ் தொடங்கப்பட்டது. இந்திய உரிமத்தைப் பெற்ற ஜுபிலண்ட் ஃபுட்வொர்க்ஸ் நிறுவனம், 1996-இல் தில்லியில் முதல் கிளையைத் திறந்தது. அதே ஆண்டில் பீட்சா ஹட் பெங்களூருவில் கால்பதித்தது.

சுவையும் விலையும்

பன்னீர் உள்ளிட்ட சைவ வகைகள், குறைந்த விலையிலான சிறிய பீட்சாக்கள், நவராத்திரிக்கெனத் தனி உணவுப் பட்டியல் ஆகியவை இந்திய வாடிக்கையாளர்களை ஈர்த்தன. பீட்சாவுக்கான மாவு பொது சமையற்கூடங்களில் தயாரிக்கப்பட்டு, குளிரூட்டப்பட்ட வாகனங்களில் கிளைகளுக்கு அனுப்பப்படுகிறது. இதனால் சிறிய இடத்தில், குறைந்த ஊழியர்களைக் கொண்டே புதிய கிளையைத் தொடங்க முடிகிறது. எல்லா ஊர்களிலும் சுவை ஒரே சீராக இருக்கவும் இது உதவுகிறது.

இத்தாலியில் நடந்தது என்ன?

2015-இல் இத்தாலிக்குச் சென்ற டோமினோஸ், 2030-க்குள் 880 கிளைகளைத் திறக்கத் திட்டமிட்டது. வீட்டுக்கே கொண்டுவந்து தரும் சேவையையே அது பெரிதும் நம்பியது. ஆனால், கரோனா பெருந்தொற்றுக் காலத்தில் உள்ளூர் பீட்சா கடைகளும் செயலிகள் வாயிலாக அதே சேவையை வழங்கத் தொடங்கியதால், அந்தச் சாதகம் பறிபோனது.

வேகத்தின் விலை

'30 நிமிடங்களில் பீட்சா' என்ற உத்தரவாதத்தை, சாலை விபத்து வழக்குகளைத் தொடர்ந்து அமெரிக்காவில் 1993-இல் டோமினோஸ் கைவிட்டது. இந்தியாவிலோ அந்த வாக்குறுதி தொடர்ந்ததுடன், சில நகரங்களில் 20 நிமிட விநியோகமும் 2022-இல் அறிமுகமானது.

ஊழியர்களை விரைவாக வண்டி ஓட்டச் செய்யாமல் நேரத்தைக் குறைக்க வேண்டுமானால், கிளைகள் வாடிக்கையாளர்களுக்கு அருகிலேயே இருக்க வேண்டும். அவ்வாறு நெருக்கமாகத் திறக்கப்படும் புதிய கிளை, பழைய கிளையின் விற்பனையில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்கிறது. எனவே, கிளைகளின் எண்ணிக்கை உயர்வதை மட்டுமே வளர்ச்சியாகக் கருத இயலாது; ஒவ்வொரு கிளையின் விற்பனையும், விநியோக ஊழியர்களின் பாதுகாப்பும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன.