ஏன் என்று கேட்டால் பதில் சொல்லும் இயந்திரம்

செயற்கை நுண்ணறிவு பற்றிப் பேச்சு எழாத வீடு இன்று இல்லை. பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு அதைக் கேட்கிறார்கள். வங்கிகள் கடன் கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்ய அதைப் பயன்படுத்துகின்றன. இப்போது பரவலாகப் பேசப்படும் வகை, பெருந்தொகையான தரவுகளைப் பார்த்துத் தானாகவே கற்றுக்கொள்வது. ஏன் இந்த முடிவுக்கு வந்தாய் என்று கேட்டால், பெரும்பாலும் அதனால் நேரான பதில் தர முடியாது.

ஆனால் அதற்கு முன்பே வேறொரு வழி இருந்தது. ஒரு தொழிலை நன்கு தெரிந்தவர்களின் அறிவை விதிகளாக எழுதி, அந்த விதிகளைக் கொண்டு கணினியை முடிவெடுக்க வைப்பது. இதை அறிவுசார் முறைமை என்பார்கள். இதன் வரலாற்றில் முக்கியமான சில கட்டங்கள் நாம் வாழும் இலண்டனிலேயே நடந்தன. அவற்றில் ஒன்று, எமது குடும்பங்கள் பலவற்றின் வாழ்க்கையைத் தீர்மானித்த ஒரு சட்டத்தையே எடுத்து ஆராய்ந்தது.

அறிவுத்தளம் என்றால் என்ன?

என் தொழிலான கணக்கியலில் இருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். ஒரு கடையின் கடந்த 12 மாதங்களின் வரிக்குரிய விற்பனை 90,000 பவுண்களைத் தாண்டினால் வற் வரிக்குப் பதிய வேண்டும். இது ஒரு விதி. இந்தக் கடையின் விற்பனை 94,000 பவுண். இது ஒரு தகவல். ஆகவே இந்தக் கடை பதிய வேண்டும். இது முடிவு.

அறிவுசார் முறைமையில் இந்த மூன்றும் தனித்தனியாக இருக்கும். விதிகளின் தொகுப்புத்தான் அறிவுத்தளம். தகவல்களோடு விதிகளைப் பொருத்திப் பார்த்து முடிவுக்கு வருவது இன்னொரு பகுதி. விதிகள் தனியே இருப்பதால் அரசாங்கம் வரி எல்லையை மாற்றும்போது ஒரு வரியை மாற்றினால் போதும். அதைவிட முக்கியமான நன்மை, முடிவுக்கு வந்த பாதையை ஒவ்வொரு படியாகத் திரும்பிப் பார்க்கலாம் என்பது. கணக்காய்வில் ஒவ்வொரு தொகைக்கும் பற்றுச்சீட்டு எங்கே என்று கேட்பது போன்றது இது.

மைல் எண்டில் ஒரு நீராவி இயந்திரம்

கிழக்கு இலண்டனில் மைல் எண்ட் வீதியில் குயின் மேரி கல்லூரி இருக்கிறது. ஈஸ்ட் ஹாமில் இருந்து டிஸ்ட்ரிக்ட் ரயிலில் நகரத்துக்கு வேலைக்குப் போகும் எம்மவர்கள் அதன் அருகால்தான் தினமும் போய்வருகிறார்கள். 1970களின் நடுப்பகுதியில் அங்கே எப்ராகிம் மம்தானி என்ற ஆய்வாளர் இருந்தார். தன்சானியாவில் பிறந்து, இந்தியாவின் புனேயில் பொறியியல் படித்து, இலண்டன் வந்தவர். அவரும் அவரது மாணவர் அசிலியனும் ஆய்வுகூடத்தில் இருந்த சிறிய நீராவி இயந்திரம் ஒன்றைக் கட்டுப்படுத்த முயன்றார்கள்.

கொதிகலனின் அழுத்தத்தையும் இயந்திரத்தின் வேகத்தையும் ஒரே சீராக வைத்திருக்க வேண்டும். வழக்கமான வழி கணிதச் சமன்பாடுகள். ஆனால் ஒரு நல்ல இயந்திர இயக்குநர் சமன்பாடு போட்டு வேலை செய்வதில்லை. அழுத்தம் நன்றாகக் குறைந்துவிட்டது, ஏறுகிற மாதிரியும் தெரியவில்லை என்றால் வெப்பத்தை நன்றாகக் கூட்டுவார். கொஞ்சம்தான் குறைவு, அதுவும் தானாக ஏறிக்கொண்டிருக்கிறது என்றால் பேசாமல் விட்டுவிடுவார். மம்தானி இப்படியான சொற்களையே விதிகளாக எழுதினார்.

'கொஞ்சம்', 'நன்றாக' என்ற சொற்களைக் கணினிக்கு எப்படிப் புரியவைப்பது? அதற்கு லொட்ஃபி சாதே என்ற அறிஞர் 1965 இல் முன்வைத்த கருத்து உதவியது. ஒரு நிலையை 'குறைவு' அல்லது 'குறைவு இல்லை' என்று வெட்டிப் பிரிக்காமல், எவ்வளவு தூரம் 'குறைவு' என்ற சொல்லுக்குப் பொருந்துகிறது என்று பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஓர் அளவு கொடுப்பது. பல விதிகள் ஒரே நேரத்தில் ஓரளவு பொருந்தும். அவற்றின் பதில்களைச் சேர்த்து ஒரு முடிவு எடுக்கப்படும். கறிக்கு உப்புப் போடும்போது நம் அம்மாமார் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

1975 இல் இந்த ஆய்வு வெளியானது. அதன் பின் டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனம் இதே முறையைச் சீமெந்துச் சூளைகளுக்குக் கொண்டுபோனது. 1987 இல் யப்பானின் செண்டாய் நகரில் தொடங்கிய சுரங்க ரயிலும் இவ்வகை விதிகளால் ஓடியது.

காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சூளையைப் பற்றி அதிகம் விளக்கத் தேவையில்லை. சூளைக்குள் நடப்பதை முழுவதும் அளந்துவிட முடியாது. அனுபவமுள்ளவர் சுவாலையின் நிறத்தைப் பார்த்தே எரிபொருளைக் கூட்டுவார், குறைப்பார். போரால் அந்த ஆலை மூடப்பட்டபோது இயந்திரங்கள் மட்டும் நிற்கவில்லை. ஆட்களின் கண்ணிலும் கையிலும் இருந்த அறிவும் அவர்களோடு கலைந்து போனது. அறிவை விதியாக எழுதி வைப்பதன் பெறுமதி அப்படியான இழப்பில்தான் தெரியும்.

குடியுரிமைச் சட்டம் கணினிக்குள் போனது

இலண்டனின் மறுபக்கத்தில், சவுத் கென்சிங்டனில் உள்ள இம்பீரியல் கல்லூரியில் ரொபர்ட் கொவால்ஸ்கி என்ற பேராசிரியர் தர்க்கத்தையே கணினி மொழியாகப் பயன்படுத்தும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். 'புரோலொக்' என்ற கணினி மொழிக்கு அடித்தளம் இட்டவர்களில் அவரும் ஒருவர். அவரும் மாரெக் சேர்கொட், ஃபரீபா சத்ரி முதலியோரும் 1981 ஆம் ஆண்டின் பிரித்தானியக் குடியுரிமைச் சட்டத்தை விதிகளாக எழுதினார்கள். அந்த ஆய்வுக் கட்டுரை 1986 இல் வெளிவந்தது.

அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1983 ஜனவரி 1 ஆம் திகதி. அதே ஆண்டு ஜூலையில் நாட்டில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். ஆகவே அந்தக் கலவரத்துக்குப் பின் இங்கு வந்து சேர்ந்த எம்மவர்களின் பிள்ளைகள் இந்தச் சட்டத்தின் கீழ்தான் பிறந்தார்கள்.

சட்டத்தின் முதல் விதி சுருக்கமாக இது: ஒருவர் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் ஐக்கிய இராச்சியத்தில் பிறந்து, பிறந்த வேளையில் தாயோ தந்தையோ பிரித்தானியக் குடிமகனாகவோ இங்கு நிரந்தரமாகக் குடியமர்ந்தவராகவோ இருந்தால், அவர் பிறப்பாலேயே பிரித்தானியக் குடிமகன்.

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்வோம். மூத்த பிள்ளை 1991 இல் இலண்டனில் பிறக்கிறது. பெற்றோருக்கு அப்போது காலவரையறையுள்ள அனுமதி மட்டுமே. 1995 இல் அவர்களுக்குக் காலவரையறையற்ற வதிவிட அனுமதி கிடைக்கிறது. 1996 இல் இளைய பிள்ளை பிறக்கிறது. கணினியிடம் கேட்டால், அது முடிவில் இருந்து பின்னோக்கிப் போகும். இங்கே பிறந்ததா? ஆம். சட்டத்துக்குப் பின்னரா? ஆம். அந்த நாளில் தாயோ தந்தையோ குடியமர்ந்தவரா? மூத்த பிள்ளைக்கு இல்லை, இளைய பிள்ளைக்கு ஆம். ஒரே வைத்தியசாலையில், ஒரே பெற்றோருக்குப் பிறந்த இருவரில் ஒருவர் பிறப்பாலேயே குடிமகன், மற்றவர் இல்லை. ஆனால் கணினி அங்கே நிற்காது, அடுத்த விதிகளையும் பார்க்கும். பெற்றோர் பின்னர் குடியமர்ந்தவர் ஆனால், பிள்ளை 18 வயதை அடையுமுன் விண்ணப்பித்துப் பதிவு பெறும் உரிமை உண்டு. பிறந்து முதல் பத்து ஆண்டுகளும், ஓர் ஆண்டில் 90 நாட்களுக்கு மேல் வெளியே போகாமல் இங்கு வாழ்ந்த பிள்ளைக்கும் பதிவு பெறும் உரிமை உண்டு. சட்டம் பின்னர் பல தடவை திருத்தப்பட்டுள்ளது. ஆகவே இதைச் சட்ட ஆலோசனையாக எவரும் கொள்ள வேண்டாம்.

இந்த நிகழ்நிரலில் இரண்டு கேள்விகளுக்கு இடம் இருந்தது. கணினி ஒரு கேள்வியைக் கேட்கும்போது, 'இதை ஏன் கேட்கிறாய்?' என்று நாம் திருப்பிக் கேட்கலாம். அது எந்த விதியைச் சோதித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டும். முடிவைச் சொன்ன பின், 'எப்படி இந்த முடிவுக்கு வந்தாய்?' என்று கேட்கலாம். அது தான் கடந்து வந்த படிகளை வரிசையாகக் காட்டும். உள்துறை அமைச்சின் கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்து, வந்த கடிதத்தின் அர்த்தம் விளங்காமல் இருந்தவர்களுக்கு இந்த இரண்டு கேள்விகளின் அருமை தெரியும்.

எங்கே தடுக்கிறது?

சட்டம் முழுவதும் இப்படி விதிகளுக்குள் அடங்குமா? அடங்காது. குடியுரிமைக்கு விண்ணப்பிப்பவர் 'நன்னடத்தை' உள்ளவராக இருக்க வேண்டும் என்றும், அமைச்சர் 'தகும் என்று கருதினால்' வழங்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. இவற்றைக் கணினி தீர்மானிக்க முடியாது. மனிதரிடம் கேட்டுத்தான் ஆக வேண்டும். சட்டம் என்பது வெறும் விதித்தொகுப்பு அல்ல என்று பிலிப் லீத் போன்ற அறிஞர்கள் அப்போதே கண்டித்து எழுதினார்கள்.

இன்னொரு சிக்கல் நுட்பமானது. இவ்வகை நிகழ்நிரல்கள், ஒன்றை நிரூபிக்க முடியாவிட்டால் அது உண்மையல்ல என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ரயில் நேர அட்டவணையில் இல்லாத ரயில் ஓடாது என்று கொள்வதில் பிழை இல்லை. ஆனால் மனிதரின் ஆவணங்களில் அப்படிச் செய்தால் என்ன ஆகும்? 2018 இல் வெளிவந்த விண்ட்ரஷ் விவகாரம் அதைத்தான் காட்டியது. கரீபியன் நாடுகளில் இருந்து பல பத்தாண்டுகளுக்கு முன் சட்டப்படி வந்தவர்களிடம், அதை நிரூபிக்கும் காகிதம் இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று நடத்தினார்கள். அவர்கள் வந்திறங்கிய பதிவு அட்டைகளை உள்துறை அமைச்சே 2010 இல் அழித்திருந்தது. எரிந்த வீட்டோடு பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்து வந்த எமக்கு, 'நிரூபிக்கப்படவில்லை' என்பதற்கும் 'உண்மையல்ல' என்பதற்கும் உள்ள தூரத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொழிற்சாலையில் கிடைத்த பாடமும் குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் 1980 முதல் 'எக்ஸ்கொன்' என்ற முறைமையைப் பயன்படுத்தியது. வாடிக்கையாளர் கேட்ட கணினிக்கு எந்தப் பெட்டி, எந்த வடம், எந்த மின்வழங்கி வேண்டும் என்று அது சரிபார்க்கும். ஆண்டுக்குக் கோடிக்கணக்கான டொலர்கள் மிச்சம் என்று கணித்தார்கள். ஆனால் புதிய உதிரிகள் வரவர விதிகள் ஆயிரக்கணக்கில் பெருகின, அவற்றில் பெரும் பங்கை ஆண்டுதோறும் திருத்த வேண்டியிருந்தது. எழுதிய அறிவைப் பராமரிக்க ஆட்களும் பணமும் தொடர்ந்து வேண்டும் என்பதைப் பலர் பிந்தித்தான் உணர்ந்தார்கள்.

வகுப்பறையில்

1970களில் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இரத்தத் தொற்றுகளுக்கு மருந்து பரிந்துரைக்க 'மைசின்' என்ற முறைமை உருவானது. அந்த விதிகளைக் கொண்டே மருத்துவ மாணவருக்குக் கற்பிக்கலாம் என்று வில்லியம் கிளான்சி என்பவர் முயன்றார். வேலை செய்யப் போதுமான விதிகள் கற்பிக்கப் போதவில்லை என்று அவர் கண்டார். விதியின் பின்னால் இருக்கும் காரணமும், எதை முதலில் சந்தேகிக்க வேண்டும் என்ற ஒழுங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. நல்ல தொழிலாளி எல்லோரும் நல்ல ஆசிரியராக இல்லாததன் காரணமும் இதுதான்.

கொவால்ஸ்கி வேறு வழியில் போனார். 1980களின் தொடக்கத்தில் விம்பிள்டனில் ஒரு பள்ளியில் சிறுவர்களுக்கே புரோலொக் கற்பிக்கும் திட்டம் நடந்தது. இங்கே கணினி பிள்ளைக்குக் கற்பிக்கவில்லை. பிள்ளை தன் அறிவை விதியாக எழுதிக் கணினிக்குக் கற்பித்தது.

எமது சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகளில் இதைச் செய்து பார்க்கலாம். கணினிகூடத் தேவையில்லை, ஒரு கொப்பி போதும். உடம்படுமெய்யை எடுத்துக்கொள்வோம். முதற்சொல் இ, ஈ, ஐ என்பவற்றில் முடிந்து அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் இடையில் யகரம் வரும்: மணியடித்தது. ஏகாரத்தில் முடிந்தால் யகரமும் வரலாம், வகரமும் வரலாம். மற்ற உயிர்களில் முடிந்தால் வகரம் வரும்: நிலாவொளி. பிள்ளை இந்த மூன்று விதிகளையும் 'என்றால்' போட்டு எழுதட்டும். பிறகு 'கோ', 'இல்' என்ற சொற்களைக் கொடுங்கள். விதிப்படி கோவில் வரும். அப்படியானால் எல்லோரும் கோயில் என்றும் எழுதுகிறார்களே, ஏன் என்று பிள்ளை கேட்கும். அந்தக் கேள்வி பிறந்துவிட்டால், விதி என்றால் என்ன, விலக்கு என்றால் என்ன என்பதைப் பிள்ளை பாதி கற்றுவிட்டது என்று பொருள்.

எமக்கு ஏன் இது வேண்டும்?

2015 முதல் உள்துறை அமைச்சு விசா விண்ணப்பங்களைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிக்க ஒரு கணினிக் கருவியைப் பயன்படுத்தியது. விண்ணப்பித்தவரின் நாடும் அதில் ஒரு காரணியாக இருந்தது. குடிவரவாளர் நலனுக்கான அமைப்பான ஜே.சி.டபிள்யூ.ஐ.யும் ஃபொக்ஸ்குளோவும் நீதிமன்றம் போன பின், 2020 ஓகஸ்டில் அந்தக் கருவி நிறுத்தப்பட்டது. தபாலகங்களின் 'ஹொரைசன்' கணக்கு முறைமை காட்டிய பொய்யான பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்ட தபாலகப் பொறுப்பாளர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் கிடைக்கவில்லை.

எல்லாவற்றையும் பழைய முறைக்கே கொண்டுபோக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. தரவில் இருந்து கற்கும் இயந்திரங்கள் மொழிபெயர்ப்பிலும் நோய் கண்டறிவதிலும் செய்வதை விதிகளால் செய்ய முடியாது. ஆனால் ஒரு மனிதரின் உரிமையைத் தொடும் முடிவு எதுவாக இருந்தாலும், 1986 இல் இம்பீரியல் கல்லூரியின் சிறிய கணினி ஒன்றால் சொல்ல முடிந்ததை இன்றைய பெரிய முறைமைகளும் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது அளவுக்கு மீறிய ஆசை அல்ல.

வங்கியோ, சபையோ, அமைச்சோ ஒரு முடிவை அனுப்பினால் மூன்றைக் கேளுங்கள். எந்த விதியின்படி? என்னைப் பற்றிய எந்தத் தகவலை வைத்து? அந்தத் தகவல் பிழை என்றால் திருத்துவது யார்? தங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவல்களின் பிரதியைக் கேட்டுப் பெறும் உரிமையைத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இங்கு எல்லோருக்கும் தந்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். ஆங்கிலம் தடுமாறும் பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் அந்தக் கடிதத்தை எழுதட்டும். கொப்பியில் விதி எழுதிப் பழகிய பிள்ளைக்கு அது கடினமாக இருக்காது.