நம்ம மலைப் பேர் வச்ச பல்லி

அந்தமான் தீவில் ஒரு பல்லி இருக்கிறது. நல்ல பச்சை நிறம், முதுகில் சிவப்புப் புள்ளிகள். நம்ம வீட்டுப் பல்லி மாதிரி ராத்திரியில் வராது, பகலில்தான் திரியும். அதன் சொந்தக்காரப் பல்லிகள் எல்லாம் மடகாஸ்கர், மொரீஷியஸ் பக்கம் இருக்கின்றன. நடுவில் எவ்வளவு பெரிய கடல்! தீவில் தனியாக மாட்டிக்கொண்ட உயிர்கள் ரொம்பக் காலம் கழித்துத் தனி இனமாகவே மாறிவிடுகின்றன.

சரி, சுற்றிலும் கடல் இருந்தால்தான் தீவா? நம்ம சிறுமலையைப் பாருங்கள். சுற்றிலும் திண்டுக்கல், நத்தம், வாடிப்பட்டி என்று வெயில் காயும் சமவெளி. 18 கொண்டை ஊசி வளைவு ஏறினால் மேலே ஜில்லென்று இருக்கும். இங்கே பாறையில் வாழ்ந்து பழகிய ஒரு பல்லி, வயலும் ரோடும் தாண்டி கொடைக்கானல் மலைக்குப் போய்ச் சேருமா? அதற்கு இந்த மலையும் ஒரு தீவுதான்.

நான் சும்மா சொல்லவில்லை. 2020ஆம் வருஷம் விஞ்ஞானிகள் சிறுமலையில் ஒரு புது இனப் பல்லியை உலகத்துக்கு அறிவித்தார்கள். அதன் பெயர் ஹெமிடாக்டைலஸ் சிறுமலையென்சிஸ். வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, நடுவில் நம்ம ஊர்ப் பேர் இருக்கிறது பாருங்கள்! வீட்டுப் பல்லியும் ஹெமிடாக்டைலஸ் வகைதான். ஆனால் இது அதைவிடப் பெரிது. குடியிருப்பது பாறையில், வெளியே வருவது ராத்திரியில்.

செங்குத்தான பாறையில் எப்படி ஒட்டிக்கொள்கிறது? பசை எதுவும் கிடையாது. விரலுக்கு அடியில் வரிவரியாக மடிப்புகள், அதில் கண்ணுக்கே தெரியாத லட்சக்கணக்கான மயிர்கள். அவ்வளவு மயிரும் சேர்ந்துதான் பிடிக்கிறது. கண்ணுக்கு இமையும் இல்லை. தூசி பட்டால் நாக்காலேயே துடைத்துக்கொள்ளும். (நமக்கு அப்படி நாக்கு இருந்தால்!)

பெரிய பல்லியைப் பார்த்தாலே "விஷப்பல்லி, அடிடா" என்று கல்லை எடுக்கிறோம். நம்ம ஊர்ப் பல்லி எதற்கும் விஷப் பல் கிடையாது. பல்லி விழுந்த சோற்றைக் கொட்டத்தான் வேண்டும், அது அதன் மேலே உள்ள கிருமிக்காக. வீட்டுப் பல்லி ஒன்று செத்தால் அடுத்த வீட்டில் இருந்து இன்னொன்று வரும். சிறுமலைப் பல்லிக்கு அடுத்த வீடு ஏது? கோடையில் புல்லுக்கு வைக்கிற தீ பாறை இடுக்கு வரை போகிறது. அங்கேதான் அது பகல் முழுக்க ஒளிந்திருக்கும்.

பஞ்சாங்கத்தில் பல்லி தலையில் விழுந்தால் இது, தோளில் விழுந்தால் அது என்று பலன் போட்டிருக்கிறார்கள். இந்தப் பல்லி பாறையை விட்டு வந்து நம்ம தலையில் விழப் போவதில்லை, பயப்படாதீங்க.

ஒன்பதாம் வகுப்பு மாணவி