தூக்கம் கெட்டால் டாக்டராகிவிட முடியுமா?

எங்கள் மெடிசின் யூனிட்டுக்கு வந்து சேரும் ஹவுஸ் சர்ஜனுக்கு முதல் வாரம் கிடைப்பது ரத்தம் எடுக்கும் வேலைதான். நாலரை வருடப் படிப்பில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தாலும் அதேதான். ஊதா மூடி ட்யூப் ரத்த அணுக்களை எண்ண, நீல மூடி உறைதிறன் பார்க்க, சிவப்பு மூடி யூரியா, கிரியாட்டினினுக்கு. எடுத்ததை லேபில் சேர்ப்பது, சாயங்காலம் ரிப்போர்ட்டை வாங்கி கேஸ் ஷீட்டில் ஏற்றுவது, ஸ்கேனுக்குத் தேதி கேட்பது, ரத்த வங்கிக்கு ஓடுவது. 'எங்க வீட்டு டாக்டர்' என்று அம்மா பெருமையாகச் சொல்லும் பிள்ளை இங்கே பாதி நேரம் தபால்காரர்.

இதில் கேவலம் ஒன்றுமில்லை. ஊசி குத்தக் கற்றுத் தருபவர்கள் வார்டு சிஸ்டர்களும் நோயாளிகளும்தான். டயாலிசிஸுக்கு வந்துபோகும் பாட்டி ஒருவர், ட்யூபோடு வந்து நின்ற ஹவுஸ் சர்ஜன் பெண்ணைப் பார்த்ததும் இடது கையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டார். "இது மிஷினுக்கு உள்ள கை, தொடாத தாயி. இந்தக் கையில குத்து, புறங்கையில கிடைக்கும்." டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா உள்ள கையில் ரத்தம் எடுக்கக் கூடாது என்பது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் பாட்டி சொன்னது ஆயுசுக்கும் மறக்காது.

சங்கடம் அட்மிஷன் நாளில். வாரத்தில் ஒருநாள், மெடிசினுக்கு வரும் அட்மிஷன் அத்தனையும் நம் யூனிட்டுக்கு. காலையில் வந்தவர் இரவெல்லாம் விழித்து, மறுநாள் ரவுண்ட்ஸ் முடித்து, மாலைவரை நிற்பதும் பல யூனிட்டுகளில் உண்டு. கேட்டால், "நாங்களும் இப்படித்தான் வளர்ந்தோம்" என்பார்கள் பெரியவர்கள். பயிற்சி டாக்டர்கள் மருத்துவமனையே கதியாகக் கிடக்கும் இந்த முறைக்கு வித்திட்டவர்களில் ஒருவர், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த அறுவை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட். மரத்துப்போகச் செய்யும் மருந்தாகக் கொக்கெய்னைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானவர். வீரம் பேசுகிறவர்கள் அந்தச் சங்கதியைச் சொல்வதில்லை.

1984இல் நியூயார்க்கில் லிபி சையன் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு மருத்துவமனைக்குப் போய்ச் சில மணி நேரத்தில் இறந்துபோனார். அன்றிரவு அவரைப் பார்த்தவர்கள் நீண்ட டூட்டியில் இருந்த பயிற்சி டாக்டர்கள். அதன் விளைவாக 1989இல் அந்த மாநிலத்தில் வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற வரம்பு வந்தது. 2003இல் அமெரிக்கா முழுவதற்கும் வந்தது. ஆனால் சீர்திருத்தக் குழுவின் தலைவர் டாக்டர் பெர்ட்ராண்ட் பெல், மணிக்கணக்கைவிட அழுத்திச் சொன்னது வேறு: அனுபவமுள்ளவர் பக்கத்தில் இருந்து மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதை.

நம் நாட்டிலும் விதிக்குப் பஞ்சமில்லை. ரெசிடென்ட் டாக்டர்களுக்குத் தொடர்ந்து 12 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்று 1992இலேயே மத்திய அரசு உத்தரவு போட்டது. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு வாரத்துக்கு 74 மணி நேரம் என்று பரிந்துரைத்தது. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது.

நான் கண் விழித்த இரவுகள் எனக்கு எதையும் கற்றுத் தரவில்லை. விடியற்காலை நாலு மணிக்குச் செய்த வேலை எதுவும் நினைவில் இல்லை. நினைவில் இருப்பது, நான் பயிற்சியில் இருந்தபோது எங்களுக்கு இருந்த பி.ஜி. (மேற்படிப்பு) அக்கா ஒருவர்.

மாரடைப்போடு வந்தவர் ஒருவர் இறந்துவிட்டார். நெஞ்சை அழுத்தி அழுத்திக் கை ஓய்ந்து, நேர்கோடாக வந்த ஈ.சி.ஜி.யைக் கேஸ் ஷீட்டில் ஒட்டியாயிற்று. வராந்தாவில் மனைவி பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தார். வெளியே கிளம்பிய என்னை அக்கா நிறுத்தினார். "கோட்டுல ரத்தம் இருக்கு, கழட்டிரு. கையைக் கழுவு. கூட யாரு வந்திருக்காங்கன்னு மொதல்ல கேளு." டீ வாங்கப் போயிருந்த தம்பி திரும்பும்வரை காத்திருந்தோம். அக்கா அந்த அம்மாவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். வரும்போது இருந்த நிலைமை, நாங்கள் செய்தது எல்லாம் சொல்லி, இறந்துவிட்டார் என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அப்புறம் வாயைத் திறக்கவில்லை. அழுகைக்கு நடுவே அந்த அம்மாதான் கேட்டார்:

"ராத்திரி ரெண்டு வாய் கஞ்சி குடுத்தேனே, அதனாலயாம்மா?"

"கஞ்சியால இல்லம்மா. இதயத்துக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருச்சு. நீங்க நல்லாத்தான் பார்த்துக்கிட்டீங்க."

இந்தக் கேள்வி ஏதோ ஒரு ரூபத்தில் பல வீட்டாரிடமிருந்தும் வரும். நேற்றே கூட்டி வந்திருந்தால்? அந்த மாத்திரையை நிறுத்தாமல் இருந்திருந்தால்? பதில் சொல்லாமல் நகர்ந்துவிட்டால் அதைச் சுமந்துகொண்டே அமரர் ஊர்தியில் ஏறுவார்கள்.

2019இல் சேர்ந்த மாணவர்கள் முதல், நோயாளியிடம் பேசும் முறையும் எம்.பி.பி.எஸ். பாடத்தில் இருக்கிறது. நல்ல காரியம். ஆனால் வகுப்பில் நோயாளியாக நடிப்பது பெஞ்சுத் தோழனென்றால் சிரிப்புதான் வரும். அதனால் எங்கள் யூனிட்டில் இப்படிப்பட்ட சேதி சொல்ல ஹவுஸ் சர்ஜனைத் தனியே அனுப்புவதில்லை. பி.ஜி.யோ நானோ பேசுவோம், அவர் கூட நிற்பார். ராத்திரி விழித்தவர் ரவுண்ட்ஸ் முடிந்ததும் ஹாஸ்டலுக்குப் போய்விட வேண்டும். ஆள் குறையும் வாரங்களில் உதவிப் பேராசிரியர்களே லேபுக்கு ட்யூப் தூக்குகிறோம். அதைப் பார்த்துச் சிரிப்பவர்களும் உண்டு.

இன்னும் கிடைக்காதது ஓர் அறை. கதவைச் சாத்திக்கொண்டு நாலு பேர் உட்கார்ந்து பேச இடம் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை டெக்னீஷியனைக் கொஞ்ச நேரம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு ஈ.சி.ஜி. அறையில்தான் பேசுகிறோம்.