எதுகை கண்ணுக்குத் தெரியட்டும்

கவிதைப் புத்தகமே வாங்காத கொழும்புத் தமிழ் வீட்டிலும் அச்சடித்த செய்யுள் இருக்கும். அந்தியேட்டியன்று கொடுக்கும் நினைவு மலர்கள், நம் பேச்சில் ‘கல்வெட்டு’, அலுமாரித் தட்டில் நாலைந்தாவது கிடக்கும். இறந்தவரின் திதியைச் சொல்லும் வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பின்பக்கங்களில் தேவாரம், திருவாசகம். செத்தவீடு முடிந்து 31ஆம் நாளுக்குள் பாட்டு எழுதுவித்து, புறக்கோட்டை மலிபன் வீதியில் தாள் பார்த்து, அச்சகத்தில் கொடுத்து எடுத்தாக வேண்டும். அந்த அவசரத்தில் எழுத்துருவும் நிறமும் ஐந்து நிமிடத்தில் முடிவாகிவிடுகின்றன. “தம்பி, எழுத்து கொஞ்சம் வடிவாப் போடுங்கோ” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். பாட்டு வாசிக்கப்படுமா, புரட்டப்படுமா என்பது பெரும்பாலும் அந்த ஐந்து நிமிடத்தில்தான் தீர்மானமாகிறது.

முதலில் கவனிக்கவேண்டியது வரிகளை எங்கே நிறுத்துவது என்பது. வாழ்த்துமடல், நினைவு மலர் எதுவானாலும் பாட்டைப் பக்கத்தின் நடுவில் நிறுத்துவது நமக்குப் பழகிப்போய்விட்டது. ஆங்கிலப் பாட்டுக்கு இயைபு அடியின் கடைசியில் வரும். தமிழ்ச் செய்யுளுக்கு எதுகையும் மோனையும் அடியின் தொடக்கத்தில் வருகின்றன. ‘மண்ணில்’, ‘கண்ணில்’, ‘பண்ணில்’, ‘எண்ணில்’ என்று நான்கு அடிகள் தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்க ஓரத்தில் சேர்த்து நிறுத்தினால் நான்கு ‘ண்’களும் ஒன்றின்கீழ் ஒன்றாக நிற்கும். வாய் திறக்குமுன்பே கண் எதுகையைப் பிடித்துவிடும். அதே நான்கு அடியையும் நடுவில் நிறுத்தினால் ஒவ்வொரு அடியும் வெவ்வேறு இடத்தில் தொடங்கும்; எதுகை சிதறிப்போகும். இருபக்க ஓரமும் நேராக வரும்படி இழுத்துவிடுவது இதைவிட மோசம். சீர்களுக்கு நடுவே விழும் அகலமான வெளியை, நிறுத்தி மூச்சு வாங்கும் இடமென்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அடுத்தது எழுத்தின் அளவு. வெண்பாவின் அடிகளுக்கு நான்கு சீர், ஈற்றடிக்கு மட்டும் மூன்று. நேரிசை வெண்பாவானால் இரண்டாம் அடியின் கடைசியில் ஒரு சிறுகோட்டுக்குப் பிறகு தனிச்சொல் நிற்கும். நினைவு மலர் பெரும்பாலும் ஏ5 தாள், அகலம் 148 மில்லிமீற்றர். இருபக்க ஓரமும் போனால் எழுத்துக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 115. தமிழ் எழுத்துகள் அகலமானவை. 12 புள்ளியில் ஒழுங்காக அடங்கிய அடி, வயதானவர்களுக்குத் தெரியட்டும் என்று 16 புள்ளிக்கு ஏற்றியதும் மடிந்துவிடலாம். முதலில் மடிவது தனிச்சொல்தான். அது கீழே விழுந்து தானே ஓர் அடிபோல நிற்கும்போது நான்கடி வெண்பா ஐந்தடியாகத் தெரியும். வயதானவர்களுக்கு உதவுவதற்கு வேறு வழி உண்டு. எழுத்தைப் பெருப்பிக்காமல் அடிகளுக்கிடையே இடைவெளியைக் கூட்டுங்கள். ‘கி’, ‘கீ’யின் கொக்கி மேலே போகிறது, ‘கு’, ‘கூ’வின் வால் கீழே இறங்குகிறது. அவை ஒன்றோடொன்று முட்டாமல் இருந்தாலே கண் களைக்காது.

ஏட்டுச்சுவடியில் இந்த வசதிகள் எதுவும் இருந்ததில்லை. ஓலை கிழியும் என்று புள்ளி இடுவதில்லை, சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை, அடி பிரிப்பதும் இல்லை. பாட்டை ஏற்கெனவே நெஞ்சில் வைத்திருந்தவருக்கு ஓலை ஒரு நினைவூட்டல் மட்டுமே. அச்சு வந்த பிறகுதான் தாளே வாசகருக்குப் பாட்டை அறிமுகப்படுத்த வேண்டியதாயிற்று. 1950களின் இறுதியில் சென்னை மர்ரே எஸ். ராஜம் பழைய இலக்கியங்களைச் சந்தி பிரித்து மலிவுப் பதிப்பாக வெளியிட்டபோது பாட்டில் ஒரு சொல்லும் மாறவில்லை. தாளில் அது நின்ற விதம் மாறியது. பண்டிதரல்லாதவர்களும் துணிந்து கையில் எடுத்தார்கள்.

நம் பக்கத்திலும் நல்ல உதாரணம் உண்டு. புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனைப் பக்கம் ஏறும் ஆதிருப்பள்ளித் தெருவில் எம். ஏ. ரஹ்மான் நடத்திய அரசு வெளியீடு, 1966இல் ஈழத்துக் கவிஞர் மஹாகவியின் ‘குறும்பா’வை வெளியிட்டது. ஆங்கில லிமரிக்கைத் தழுவிய ஐந்தடிச் சிறு பாட்டுகள், சௌவின் சித்திரங்களோடு. அடிகள் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்தே சிரிப்பு எங்கே வெடிக்கும் என்று எதிர்பார்க்கவைக்கும் வடிவம் அது. அப்படிப்பட்ட பாட்டை ஓர் அடி மடிந்துபோகும்படி அச்சடித்தால் பகிடியே கெட்டுவிடும்.

எழுத்துருவுக்கு வருவோம். இலங்கை அச்சகங்களில் பாமினி நெடுங்காலம் ஆட்சி செய்தது, இன்னும் பல இடங்களில் செய்கிறது. கண்ணுக்குப் பழகிய உரு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அதில் தட்டிய பாட்டை அந்த எழுத்துரு இல்லாத கைபேசியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அனுப்பப்போகும் மலரென்றால் யூனிகோடில் தட்டச் சொல்லுங்கள். கையெழுத்துச் சாயலில் ஒன்று வேண்டுமானால் இலங்கையரான தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார் கூகுளில் இலவசமாகவே கிடைக்கிறது. சாய்ந்த, இளகிய உரு. தலைப்புக்கும் நாலு வரி வாழ்த்துக்கும் அழகு. பத்துப் பக்கப் புலம்பலுக்கு அது வேண்டாம். நேராக நிற்கும் எழுத்தைச் செயலியில் பொத்தானை அமுக்கிச் சாய்ப்பதும் தடிப்பிப்பதும் எப்போதுமே வேண்டாம். ‘ண’, ‘ஞ’ இவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டு மைப்பொட்டாகிவிடும்.

நிறத்தில் நான் அதிகம் பயப்படுவது கறுப்புப் பின்புலத்தில் வெள்ளை எழுத்துக்குத்தான். துக்கத்துக்குப் பொருத்தமென்று பலர் கேட்கிறார்கள். ஓஃப்செட்டில் சுற்றியுள்ள மை உள்நோக்கிப் பரவும். முதலில் பலியாவது புள்ளி. ‘கண்’ என்பது நேரசை. புள்ளி போய் ‘கண’ என்றானால் நிரையசை. பொருளும் போயிற்று, தளையும் தட்டிற்று. எழுதிக்கொடுத்த புலவர்மேல் பிழையே இல்லை.

திரைக்கு ஓர் அளவுகோல் உண்டு. இணைய அணுகல் விதிகள் சாதாரண எழுத்துக்கும் பின்புலத்துக்கும் ஒளிவேறுபாடு குறைந்தது 4.5:1 இருக்கவேண்டும் என்கின்றன. வெள்ளையில் கறுப்பு 21:1. வெள்ளையில் கருஞ்சிவப்பு ஏறக்குறைய 11:1. கலியாண வீட்டுக்குப் பிடித்த பொன்மஞ்சள் வெள்ளையில் 2:1தான் தேறும். அதே பொன்மஞ்சளைக் கருஞ்சிவப்பின்மேல் வைத்தால் 5:1ஐத் தாண்டிவிடும். எந்த நிறம் என்பதைவிட எதன்மேல் எந்த நிறம் என்பதே கேள்வி. தாளில் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. நாலு நிற அச்சில் கருஞ்சிவப்பு இரண்டு மூன்று மைகளின் கலவை. தகடு மயிரிழை விலகினாலும் சிறிய எழுத்தின் ஓரம் மங்கும். ஆகவே பாட்டுக்குக் கறுப்பு, தலைப்புக்கும் கரைக்கும் வண்ணம். படத்தின்மேல் பாட்டை ஏற்றாதீர்கள். அம்மாவின் முகமும் தெளிவாகத் தெரியாது, அம்மாவுக்கு எழுதிய அடியும் தெரியாது.

அச்சகத்தில் ஒப்புநோக்கத் தருவதைக் கணினித் திரையில் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். அச்சடிக்கப்போகும் அதே தாளில் ஒரு பக்கம் எடுத்துத் தரச் சொல்லி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். இரவு மின்குமிழ் வெளிச்சத்தில் வீட்டிலேயே மூத்தவரிடம் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடக்குகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, அடுத்த நாள் காலை அச்சகத்தில் அந்த இடங்களை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்.