கொங்கடி: தக்காணத்தின் கருங்கம்பளி

நார்வே, சுவீடன், பின்லாந்து, ரஷ்யாவின் கோலா தீபகற்பம் என விரிந்த தாயகத்தில் துருவ மான் வளர்க்கும் சாமி மக்களை உலகம் அறிந்திருக்க, கருங்கல் மேடுகளும் முட்புதர்களும் மண்டிய தெலங்கானாவில் செம்மறிகளோடு வாழ்ந்துவரும் குருமர்கள், அருகிலுள்ள ஐதராபாத்தின் கவனத்தைக்கூடப் பெறவில்லை. பீரப்பனைக் குலதெய்வமாக வணங்கும் இவர்கள், சிவனின் உடுக்கையாகிய 'ஒக்கு' என்பதன் பெயரால் வழங்கும் 'ஒக்குக் கதை'யில் பீரப்பன், மல்லண்ணன் ஆகிய தெய்வங்களின் வரலாறுகளைப் பாடுகின்றனர். காவிரிக் கரையில் ஆட்டுக்கிடை போடுவதைப் போலவே, உழவர்களின் வயல்களில் மந்தையை இரவில் தங்கவைத்து எருவூட்டுகின்றனர்.

இவர்களின் தக்காணி இனச் செம்மறி, பெரும்பாலும் கருமையான, முரட்டு மயிர் உடையது. ஆண்டுக்கு இருமுறை கத்தரிக்கப்படும் அம்மயிரைப் பெண்கள் நூற்க, ஆண்கள் குழித்தறியில் நெய்யும் போர்வையே கொங்கடி. ஒற்றைப் புரியாக நூற்ற முரட்டு நூலின் மயிர் முனைகள் வெளியே நீட்டி நிற்பதால் பாவு நூல்கள் தறியில் ஒன்றோடொன்று சிக்கும். அதைத் தவிர்க்கப் புளியங்கொட்டையை அரைத்துக் காய்ச்சிய பசையைத் தூரிகையால் பாவில் தடவுகின்றனர். அப்பசை உலர்ந்ததும் முனைகள் படிந்து நூல் உறுதி பெறுகிறது. புளியங்கொட்டையிலுள்ள, நீரில் பிசுபிசுப்பாகும் பசைப்பொருள் இன்றைய ஆலைகளிலும் நூலுக்குக் கஞ்சியிடப் பயன்படுகிறது என்பதை அறியும்போது, படிப்பறிவற்றோரின் பழக்கமென்று இதை ஒதுக்குவது எவ்வளவு பெரிய அநீதி என்பது விளங்கும். மயிரிழையின் புறத்திலுள்ள மெழுகுப்பூச்சு மழைத்துளியை உருட்டிவிட, அதன் உட்பகுதி தன் எடையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீராவியை ஈர்த்தும் ஈரமாகத் தோன்றாமல் உடலின் வெப்பத்தைக் காக்கிறது. மழையில் மந்தையோடு நிற்கும் இடையனுக்கு இதைவிடப் பொருத்தமான ஆடை வேறில்லை.

ஆயினும் இறைச்சிக்காக விரைந்து வளரும், கம்பளி தராத நெல்லூர் இனம் தக்காணிக் கடாக்களின் இடத்தைப் பிடித்துவருகிறது. 2017ஆம் ஆண்டில் தெலங்கானா அரசு 20 பெட்டைகளும் 1 கடாவும் கொண்ட தொகுதிகளை 75 விழுக்காடு மானியத்தில் யாதவர்களுக்கும் குருமர்களுக்கும் வழங்கத் தொடங்கியது. அது நல்ல எண்ணமே எனினும், இறைச்சியை மட்டும் இலக்காகக் கொண்டதால் கம்பளி கணக்கில் சேரவில்லை. நார்வே 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் சாமிகளின் மேய்ச்சல் பகுதியில் துருவ மான் வளர்ப்பை அவர்களுக்கே உரியதாக்கியது; இங்கோ, மந்தைக்கு ஒரு கருங்கம்பளிக் கடாவையேனும் தக்கவைப்போருக்கு ஊக்கத்தொகையும், கத்தரித்த மயிருக்கு உறுதியான கொள்முதல் விலையும் கிடைத்தாலே தறிக்கு நூல் வரும்.